மராக்கஸ் போவதற்கு முன்

பாப்பாவுக்கு,

இங்கே டிரினிடாட்டில் மராக்கஸ் கடற்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தாய். ஹோட்டல் போட்டாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். இங்கே உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஊரே அங்கேதான் இருக்கும், திரும்பும்போது மலைப்பாதையில் கார்கள் ஊர்ந்துதான் வரும். வார நாளில் போ. போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து மராவல் வழியாக முக்கால் மணி நேரம். பெட்ரோலை மராவலிலேயே போட்டுக்கொள். கனடா உரிமம் இங்கே 90 நாள் செல்லும். ஆனால் சென்னை மாதிரி இடப்பக்கம் ஓட்ட வேண்டும், நீயோ இத்தனை வருடம் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவள். கூட வருகிறவர் ஓட்டுவாரா? எத்தனை பேர் என்று நீ எழுதவே இல்லை. டாக்சி என்றால் நம்பர் பிளேட்டில் 'எச்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்து ஏறு. திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே பேசிவிடு, மாலையில் அங்கே வண்டி பிடிப்பது பெரும்பாடு.

அந்தப் பாதை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்டது. தீவின் வடமேற்கு மூலையில் சாகுவாராமஸ் பக்கத்துக் கடற்கரைகளைத் தங்கள் கடற்படைத் தளத்துக்கு எடுத்துக்கொண்டதற்கு ஈடாகப் போட்டுக் கொடுத்தார்கள். இங்கே ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழை. மலையை வெட்டிப் போட்ட ரோடு மழையில் ஏன் சரிகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டு இன்ஜினியர் நீதான். முந்தின ராத்திரி கொட்டித் தீர்த்திருந்தால் அன்றைக்குப் போகாதே.

இப்போது கடல். இதைக் கவனமாகப் படி. மராக்கஸ் வடக்கே பார்த்த கரை. டிசம்பரில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் பெரிய அலை நேராக வந்து மோதும். கரைக்கு ஏறிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும், அதுதான் இழுவை. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். நீந்த நல்ல இடம் என்று புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இறங்காதே. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்கு. முழுச் சிவப்புக் கொடி என்றால் காலை நனைப்பதோடு சரி. இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதே, அதில்தான் மூச்சு போகிறது. மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டு. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேறு.

நீ மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள், மறுக்கவில்லை. அது குளம். திருச்செந்தூரில் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். கூட வருகிறவருக்கு நீச்சல் தெரியுமா? தெரியாவிட்டால் இடுப்புக்கு மேல் வேண்டாம். கொடி சிவப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிழக்கே லாஸ் குவேவாஸ் போங்கள், பெரும்பாலும் அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். சாயங்காலமானால் மணல் ஈ பிடுங்கிவிடும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.

வெயிலைச் சாதாரணமாக நினைக்காதே. நாகப்பட்டினமும் இதுவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. நீ டொராண்டோ குளிரிலிருந்து வருகிறாய். தென்னை மரத்தடியில் துண்டு விரிக்காதே என்று உனக்குமா சொல்ல வேண்டும்!

சாப்பாடு பேக் அண்ட் ஷார்க்தான். எண்ணெயில் பொரித்த, பூரியை விடத் தடிமனான ரொட்டிக்குள் சுறாத் துண்டு. வேறு மீனும் கேட்டு வாங்கலாம். முதலில் புளிச் சாஸ், பூண்டுச் சாஸ், கொத்தமல்லி வாசனையுள்ள சாடோ பெனி இலைச் சாஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, மிளகாய்ச் சாஸை ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு மேலே போ. வழியில் மலை முனையில் நிறுத்தினால் அன்னாசி சௌ, அதாவது உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்த அன்னாசித் துண்டு, கிடைக்கும். சில்லறை டிரினிடாட் டாலராக வைத்துக்கொள். பையைக் காரில் கண்ணில் படும்படி விட்டுவிட்டு இறங்காதே.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ராணுவ டிசைன் துணி எதுவும் பெட்டியில் வேண்டாம், இங்கே பொதுமக்கள் போடச் சட்டப்படி தடை. கூட வருகிறவரிடமும் சொல்.

இரண்டாவது, ஜனவரியில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு இங்கிருந்தே சென்னை போவதாக இருந்தால், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள். டிரினிடாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் அட்டை இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஒரு ஊசி ஆயுசுக்கும் போதும், ஆனால் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். உன் அட்டை அம்மா பீரோவில் இருக்கிறது. கூட வருகிறவரும் கல்யாணத்துக்கு வருகிறாரா, அவரிடம் அட்டை இருக்கிறதா? இந்த வாரமே எழுது. இல்லையென்றால் அவர் அங்கேயே போட்டுக்கொள்ள நாள் வேண்டும். அம்மாவும் கேட்கச் சொன்னாள்.

அப்பா