பெரியம்மாவுக்கு, வேலையை விட்ட பிறகு

பெரியம்மா,

நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். இதை உன் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்காட்டுவாள், பக்கத்து வீடுகளும் காது கொடுக்கும். அதனால் ஒன்றிய அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கண்மாய்க் கரை மட்டும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 2023 சித்திரை வெயில். வருகைப் பதிவுக்கான காலை போட்டோவுக்கு எல்லாரும் மண்வெட்டியோடு நின்றாகிவிட்டது. நீ தலைத்துண்டை அவிழ்த்து, முந்தானையில் முகத்தைத் துடைத்து, விரலால் முடியைக் கோதிக்கொண்டு, "நல்லா விழுகுறேனாடி?" என்று கேட்டுச் சிரித்தாய். பெரியப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மதியம் இரண்டாவது போட்டோ. எடுத்தேன், ஏறவில்லை. டவர் ஒரு கோடு வரும், போகும். வேப்பமரத்து மேட்டில் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்தும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீயும்தான் பார்த்தாய். அன்றைக்கு உங்கள் யாருக்கும் ஆஜர் விழவில்லை. அறிவித்த கூலி அப்போது 294 ரூபாய்.

மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே. தவணையில் வாங்கிய போன் என்னுடையது, ரீசார்ஜும் என் காசு. 2023 ஜனவரி 1 முதல் ஆப்பில்தான் வருகை என்று டெல்லியில் முடிவெடுத்த ஊரக வளர்ச்சி அமைச்சகத்தார், கண்மாயில் டவர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. முறைகேட்டைத் தடுக்கவாம். 2025 ஜூலையில் அதே அமைச்சகமே, போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை விட்டது. மண் சுமந்த உனக்குக் கூலி போனதுதான் மிச்சம். வெயிலில் வரிசையாக நில், படம் ஏறினால்தான் சம்பளம் என்று ஏதாவது ஒரு அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கட்டுமே.

ஆனால் நீ பேசியதும் கொஞ்சமில்லை. "போனை வச்சிருக்கிறவ பொழைச்சுக்கிட்டா, எங்க கூலிதான் போச்சு" என்று குழாயடியில் சொன்னாயே. என்னைத் தூக்கி வளர்த்தவள் வாயில் அது வரலாமா? ரெண்டு பேரும் ஒரே தெரு, குடித்தது ஒரே கேப்பைக் கூழ். பட்டன் போன் வைத்திருந்த நீ வரிசையில் நின்றாய், டச் போன் இருந்ததால் நான் எதிரில் நின்றேன். அதற்குள் உனக்கு மேஸ்திரியாகிவிட்டேன். "முக்காட்டை எடு, அசையாதே" என்று உன்னையே அதட்டியிருக்கிறேன். அதட்டாவிட்டால் படம் கலங்கும், கலங்கினால் எனக்குத் திட்டு விழும்.

சரி, நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். உன் வேலை அட்டை எண்ணைப் பேத்தியிடம் கொடு. வருகைப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வாரா வாரம் பார்க்கச் சொல். நாள் விட்டுப்போயிருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள், கிராம சபையிலும் எழுந்து கேள். நீ கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாய் என்று அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம், குழாயடியில் சொன்னதை அதே குழாயடியில் மாற்றிச் சொல்லிவிடு.