புது செட் வாங்கும் முன் பழைய பேக்கை ஒரு தடவை கடைக்குக் கொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஷட்டில் ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றவும் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்து வாங்கவும் நம் கடைக்கு வருகிறவர்கள் இந்த மடலைத் தாண்டிப் போய்விடலாம். இது பின்கட்டில் வலை கட்டியிருக்கும் மூலைக்கு வருகிறவர்களுக்கானது. கப்பலிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் லீவுக்கு வரும்போது தோளில் ஒரு கோல்ஃப் பேக்கோடு வந்திறங்குகிறவர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆட்டம் பழகியவர்கள், விடியுமுன் காரை எடுத்துக் களியக்காவிளை தாண்டிப் போய், திருவனந்தபுரம் கவடியாரின் ஒன்பது குழி மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேருகிறவர்கள் என்று நீங்கள் பத்திருபது பேர்தான். ஆனால் கடையில் அதிக நேரம் பேசிக்கொண்டிருப்பது உங்களோடுதான்.

பழைய பேக்கைப் பார்க்காமல், வலையில் அரை மணி நேரம் அடிக்கச் சொல்லிப் பார்க்காமல், இந்த மாதத்திலிருந்து யாருக்கும் முழு செட் ஆர்டர் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். "காசோட வந்தவனைத் திருப்பி அனுப்புத கடையை இப்பதான் பாக்கேன்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொருவர் சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் இந்த விளக்கம்.

காரணம் என்னுடைய ஒரு தவறு. சில வருடங்களுக்கு முன், ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 27 உள்ள ஒருவர், வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், தன் நண்பரிடம் இருக்கும் அதே அயர்ன் செட் (இரும்புத் தலை மட்டைகள்) வேண்டும் என்று வந்தார். நண்பரின் ஹேண்டிகேப் 6. மெல்லிய பிளேடு தலை, அதாவது பின்புறம் குழிவில்லாதது; கனமான ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), அதுவும் ஸ்டிஃப், எளிதில் வளையாதது. பார்க்க அத்தனை அழகு, எனக்கே ஆசையாக இருந்தது. மறுபேச்சில்லாமல் வரவழைத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் ஹேண்டிகேப் 30ஐத் தொட்டது, முழங்கையில் வலியும் சேர்ந்துகொண்டது. "எனக்க கைக்கு இது சரிப்பட்டு வரல்ல, அண்ணே" என்று பேக்கை மேசைமேல் வைத்தார். செட்டைத் திருப்பி எடுத்து நஷ்டத்துக்கு விற்றேன். நஷ்டத்தைவிட, அவர் ஒரு பந்து அடிப்பதைக்கூடப் பார்க்காமல் விற்றோமே என்பதுதான் உறுத்தியது.

சரி, நீங்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "ஹேண்டிகேப் 26. புது செட் போட்டால் 18க்கு வருமா?" வராது. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஸ்கோர்களில் மிகச் சிறந்த 8ஐ எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதாவது அந்த 26 உங்கள் நல்ல நாட்களின் கணக்கு. கெட்ட நாட்கள் அதில் ஏறவே இல்லை. தங்கள் ஸ்கோர் அட்டைகளை என்னிடம் காட்டியவர்களைக் கேளுங்கள். தொலைந்த பந்து, தரையில் குத்திய ஷாட், குழிக்கருகே மூன்று தடவை உருட்டிய பட்டிங், இந்த மூன்றிலேயே கூடுதல் அடிகளில் பாதி போயிருக்கும். இவற்றில் சிலவற்றுக்குக் கிளப், அதாவது அடிக்கும் மட்டை, காரணமாக இருக்கலாம். எந்தக் கிளப் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த அரை மணி நேரம்.

முதலில் நான் தொட்டுப் பார்ப்பது தலையை அல்ல, கிரிப்பை. நம் மாவட்டத்தில் ரப்பரைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவருக்கும் தெரியும், ரப்பர் வெயிலுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று. கோல்ஃப் கிரிப்பும் அதே ரப்பர்தான். உள்ளங்கை வியர்வை, சன்ஸ்கிரீன், காரின் டிக்கியில் வெந்த சூடு எல்லாம் சேர்ந்து அதைக் கண்ணாடிபோல வழவழப்பாக்கிவிடும். வழுக்குகிற கிரிப்பை மனிதன் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிப்பான். இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பந்து வலப்பக்கம் சீவிக்கொண்டு போகும். அதற்கு வைத்தியமாக அவர் புது டிரைவர் (தூர அடிக்கான பெரிய தலைக் கிளப்) தேடுவார். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது நாற்பது ரவுண்டுக்கு ஒரு தடவை கிரிப் மாற்றுவது உலகமெங்கும் சொல்கிற கணக்கு. வியர்வையும் கடல்காற்றும் உள்ள நமக்கு அதைத் தள்ளிப்போட நியாயம் இல்லை. பழைய கிரிப்பை வெட்டி எடுத்து, இருபக்கம் ஒட்டும் டேப் சுற்றி, கரைப்பான் ஊற்றிப் புதியதைச் சறுக்கி ஏற்ற ஒரு கிளப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. முழு பேக்குக்கும் செய்தாலும் ஒரு நல்ல டிரைவர் விலையில் சிறு பங்குதான்.

கிரிப்பை உருவும்போது இன்னொன்றும் தெரியவரும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வீடு உள்ளவர்களின் ஸ்டீல் ஷாஃப்ட் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு கொட்டும். கிரிப்பின் உச்சித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி நிற்பதால் வருவது. கிளப்பைக் கழுவி ஈரத்தோடு அப்படியே பேக்கில் செருகாதீர்கள்.

அடுத்தது நீளமான அயர்ன்கள். பழைய செட்டில் 3, 4 என்று இரண்டு இருக்கும், முகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. அதுவே சாட்சி, நீங்கள் அவற்றை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. இவற்றைத் தூக்கி வைத்துவிட்டு அயர்னுக்கும் டிரைவருக்கும் நடுவிலான ஒரு ஹைபிரிட் போட்டால், அதன் கனம் கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து தானாக மேலே ஏறும். ஒரு கிளப் மட்டும் வாங்கத்தான் காசு இருக்கிறது என்று வருகிறவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். விதிப்படி பேக்கில் 14 கிளப் வரை வைக்கலாம், 14 வைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்பது பத்தோடு நன்றாக ஆடலாம், தோளும் வலிக்காது.

இனி, விளம்பரம் பார்த்து வருகிறவர்களுக்கு. "புது 7 அயர்னில் இருபது கெஜம் கூடுதலாகப் போகுது" என்பது உண்மைதான். ஆனால் 1980களில் 7 அயர்னின் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தது. இன்று நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற செட்டில் அது 28, 29, 30 என்று நிற்கிறது. பழைய கணக்கில் அது 5 அயர்ன். அடியில் 7 என்று பொறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸுக்கு எக்ஸ்பிரஸ் போர்டு மாட்டிய கதை என்று முதலில் நானும் கிண்டல் செய்தேன். பாதிதான் சரி. இன்றைய தலையில் கனத்தை அடியில் கொண்டுபோய் வைத்திருப்பதால், லாஃப்ட் குறைந்தும் பந்து பழையபடி உயரமாகவே போகிறது. அதில் உழைப்பு இருக்கிறது.

ஆனால் அதன் பின்விளைவை யாரும் சொல்வதில்லை. 7 அயர்ன் 29 என்றால் கிட்டத்து அடிக்கான பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் 43, 44க்கு வந்துவிடும். உங்கள் பழைய சாண்ட் வெட்ஜ் 56. நடுவே 12 டிகிரி பள்ளம். 80, 90 கெஜத்தில் நிற்கும்போது கையில் கிளப்பே இல்லை. அப்புறம் பெரியதை எடுத்துப் பாதி வீச்சில் அடிக்கப் பார்த்து, தரையைத் தோண்டுவீர்கள். புது செட் எடுக்கிறவர் 50 டிகிரியில் ஒரு வெட்ஜும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முழு செட் மாற்றவே வேண்டாமா? சிலருக்கு நிச்சயம் வேண்டும். யாரோ கொடுத்த பிளேடு செட்டில் ஆடுகிறவருக்கு, அல்லது ஆறடி உயரத்துக்கு நீளம் குறைந்த கிளப்போடு குனிந்து நிற்கிறவருக்கு, மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பின்புறம் குழிவாக இருக்கும் தலையின் ரகசியம், கனத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களில் வைப்பது. அப்போது பந்து முகத்தின் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. இந்த யோசனையைப் பரப்பியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர், நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் பழகினார். தன் பட்டிங் சரியில்லை என்று எரிச்சல்பட்டு, 1959இல் வீட்டு காரேஜில் ஓரங்களில் கனம் வைத்த பட்டர் ஒன்றைச் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய சத்தம்தான் அவருடைய 'பிங்' கம்பெனியின் பெயரானது. நம்மைப் போல் தாமதமாக ஆட வந்த மனிதர் தனக்காகச் செய்தது என்பதால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

ஷாஃப்டில் வீறாப்பு வேண்டாம். 'சீனியர்' என்று எழுதியிருந்தால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அது வயதைச் சொல்லவில்லை, வீச்சின் வேகத்தைச் சொல்கிறது. ஸ்டீல் ஷாஃப்ட் 100 கிராமுக்கு மேலும் போகும், கிராஃபைட் 60, 70 கிராமில் முடியும். பதினான்காவது குழியில் கை சோர்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

லை கோணம் என்று ஒன்று உண்டு, கிளப்பை வைக்கும்போது அதன் அடி தரையில் சமமாக உட்கார்கிறதா என்பது. முனை மேலே தூக்கி நின்றால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். இதைப் பார்க்கப் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்புறம் நேர்க்கோடு ஒன்று போட்டு அடிக்கச் சொல்வேன். கோடு கிளப் முகத்தில் அச்சாக விழும். சாய்ந்து விழுந்தால் கோணம் தப்பு. எங்கே பட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நம் வலைக்கு ஒரு குறை உண்டு, மறைப்பதற்கில்லை. அங்கே பாய்மேல் நின்று அடிக்கிறீர்கள். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் குத்தினாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணோடு நின்றுவிடும். வளைகுடாவில் மணல் மைதானத்தில், கையோடு கொண்டுபோகும் சின்னப் பாயில் வைத்து அடித்துப் பழகியவர்களுக்கு ஊரில் வந்து ஆடும்போது இந்த அதிர்ச்சி கிடைத்திருக்கும். அதனால் வலையில் நான் பந்தின் வேகத்தை நம்புவதில்லை, முகத்தில் விழுந்த அச்சையும் பாயிலிருந்து வரும் சத்தத்தையும்தான் நம்புகிறேன்.

டிரைவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன், வாங்குவதிலும் அதைக் கடைசியில் வையுங்கள். தலையின் அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முகத்தின் துள்ளலுக்கும் விதியில் உச்சவரம்பு உண்டு. பல வருடங்களாகவே தயாரிப்பாளர்கள் அந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கிறார்கள். அதனால் நான்கைந்து வருடம் பழைய நல்ல டிரைவருக்கும் இந்த வருடத்ததற்கும் உள்ள தூர வித்தியாசம் விலை வித்தியாசத்தைப் போல் பெரிதாக இருக்காது. லாஃப்ட் 9 டிகிரி கேட்காதீர்கள், 10.5 அல்லது 12 எடுங்கள். தலை பெரும்பாலும் டைட்டானியக் கலவை. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டும் டைட்டானியத் தாதுதான். ஆனால் உலகத்தில் அந்தத் தாதுவில் பெரும்பங்கு பெயின்டின் வெள்ளை நிறத்துக்குப் போகிறது, டிரைவருக்கு அல்ல.

இதில் ஒரு உபயோகம் உண்டு. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. பாதி விலைக்கு ஆன்லைனில் கிடைத்தது என்று ஒரு டிரைவர் வந்தால், அதன் முகத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். பச்சென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே வெறும் இரும்பு. ஒட்டாவிட்டால் அசல் என்று உடனே சொல்லிவிட முடியாது, மற்றதையும் பார்க்க வேண்டும்.

பட்டரைப் பற்றி ஒரே வார்த்தை. 72 பார் (மொத்தக் குழிகளுக்கும் வைத்த அடிக் கணக்கு) உள்ள மைதானத்தில் குழிக்கு இரண்டு என்று 36 அடி பட்டருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் குறைவு. நீளம் சரியாக இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடலாம்.

விலையுயர்ந்த பந்துகளையும் இப்போதைக்கு விடுங்கள். ரவுண்டுக்கு நான்கு தொலைக்கிறவருக்கு அது வேண்டாத செலவு.

மாலை நான்கு மணிக்கு முன் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு ராக்கெட் பிள்ளைகளின் கூட்டம். கிரிப்புக்கும் லை கோணத்துக்கும் பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை, வேலை செய்தால் மட்டும்தான். பழைய கிளப்புகளை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறோம், பிளேடு செட்டைத் தவிர. அது ஏற்கெனவே ஒன்று கையைச் சுட்டுவிட்டது. இன்னொன்று, வரும்போது பேக்கைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வர வேண்டாம். முகத்தில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எங்கே மண் அப்பியிருக்கிறது என்பதை அப்படியே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
நாகர்கோவில்