நூல் ஏஜெண்ட் ஒருவன் திருப்பூர் பனியன் நண்பர்களுக்கு எழுதும் மடல்

வணக்கமுங்க.

பல்லடம் பக்கத்து மில்களின் நூலை விற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் நான். விலை ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டியவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 5 அன்று, ஆடை ஏற்றுமதியில் நமக்குப் போட்டியான வங்கதேசத்தின் பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டுவிட்டு டெல்லிப் பக்கம் வந்து இறங்கினார். அன்று மாலையே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் லட்டுப் படம் போட்டு, “இனி ஆர்டரெல்லாம் நமக்குத்தான்” என்றார். சரி, தொழில் ஆசை. அப்புறம் வந்த சதிக்கதைகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

வங்கதேசத்தின் செயின்ட் மார்ட்டின் தீவை அமெரிக்காவுக்குத் தர மறுத்ததால்தான் ஆட்சி போனது என்று ஹசீனா சொன்னதாக ஒரு செய்தி ஓடியது. அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அவர் மகன். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது வெள்ளை மாளிகை. நம் குழுவில் மட்டும் அது இன்னும் சுற்றுகிறது. விடுதலைப் போராட்ட வீரர் குடும்பங்களுக்கான 30 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்துத்தான் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யக் காணோம்.

வெளிநாட்டுச் சதி என்ற இந்தப் பழி புதிதும் இல்லை. ஹசீனாவின் அப்பா முஜிபுர் ரஹ்மான் இந்தியாவோடு சேர்ந்து சதி செய்ததாக 1968-இல் பாகிஸ்தான் அரசு போட்டதுதான் அகர்தலா வழக்கு. மக்கள் கொதித்ததில் மறு ஆண்டே வாபஸ் வாங்கினார்கள். இங்கே, எதற்கும் வெளிநாட்டுச் சதியே காரணம் என்ற இந்திரா காந்தி காலத்து ‘அந்நியக் கை’ப் பேச்சும் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. இப்போது டாக்காவின் முறை: ஹசீனா கட்சியினர் இந்தியாவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று 2025 ஆகஸ்டிலும் புகார் சொன்னது. அப்படி எதுவும் எங்களுக்குத் தெரியாது என்றது டெல்லி.

இதற்கெல்லாம் நடுவில் மாட்டியது நம் சரக்கு. 2025 ஏப்ரலில், வங்கதேசச் சரக்கு நம் நாட்டு வழியாக வெளிநாடு போகும் வசதியை டெல்லி நிறுத்தியது. சில நாளில், இந்திய நூல் தரைவழியே வரக்கூடாது என்றது டாக்கா. மே மாதம் அவர்கள் ஆயத்த ஆடையைத் தரைவழியே விடமாட்டோம் என்றோம் நாம். நம் பருத்தி நூலை அதிகம் வாங்குகிற நாடு அது. மேற்கு வங்க எல்லையான பெட்ராபோல் வழியே லாரியில் போன நூல் கோன் பெட்டிகள் இப்போது கப்பலுக்குக் காத்துக்கிடக்கின்றன. மலிவான இந்திய நூல் வேண்டாம் என்று அங்குள்ள மில்காரர்கள் வெகுநாளாகவே கேட்டுவந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்து நீங்கள் கம்பெனிகளை மூடியதுபோல அவரவர் வயிற்றுக் கணக்கு; சதியில்லை.

லட்டுப் படம் போட்டவருக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம். வங்கதேசத்துக்கு 20.

அடுத்து டெல்லிக்கு மனு எடுத்துப்போகும்போது அமெரிக்க வரியோடு, டாக்காவிடம் பேசி நூலுக்குத் தரைவழியைத் திறக்கவைக்கச் சொல்லியும் ஒரு பத்தி சேருங்கள். மில்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் நூல் ஏஜெண்ட்
செப்டம்பர், 2025