ஏழு மட்டும் வேண்டாம்

அன்புள்ள பாஸ்கர்,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. நீ திட்டியதில் பாதி எனக்கே நியாயமாகப் படுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாடி ஊருக்குத் திரும்பிவிட்டான், அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷமாகக் கேலக்ஸிக் கொத்துகளை, அதாவது ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டங்களை, எடைபோடுகிறேன் அல்லவா, அந்தத் தராசே கோணல். கொத்தின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை வளைத்து வடிவத்தைத் துளி இழுத்துவிடும். ஒற்றைக் கொத்தில் அது சரியாகத் தெரியாது. ஆயிரக்கணக்கில் அடுக்கிச் சராசரி எடுக்கிறோம். எதை அடுக்குவது? சிவப்புக் கேலக்ஸிகள் 20க்குமேல் தேறினால் பட்டியலில் இடம். வினையே அங்கேதான்.

ரயில் ஜன்னலில் பார்ப்போமே, வெவ்வேறு வரப்புத் தென்னைகள் ஒரு கணம் ஒன்றன்பின் ஒன்றாக நின்று அடர்ந்த தோப்பாகத் தெரியும். அடர்த்தியானதை மட்டும் பொறுக்கினால் இந்தப் போலித் தோப்புகளும் கூடவே வந்துவிடும். தூரத்தை நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறோம், கோடிக்கணக்கான ஒளியாண்டு முன்னே பின்னே ஆகும். எண்ணிக்கையை ஏற்றிவிட்ட அதே கூட்டம் ஒளியையும் கூடுதலாக வளைக்கிறது. இரண்டும் கூட்டுக்களவாணிகள், எத்தனை அடுக்கினாலும் பிழை கரையாது.

போன வாரம் கணினிக்குள் முட்டை வடிவக் கொத்து ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் 20ஐ எட்டவில்லை. முனையிலிருந்து பார்த்தால் 31! ராத்திரி இரண்டு மணிக்கு, காப்பி ஆறிப்போன டம்ளரோடு, சிரிப்புதான் வந்தது.

இப்போது சிரிப்பில்லை. சிலியில் 4 மீட்டர் தொலைநோக்கியால் எடுத்த ‘இருண்ட ஆற்றல் ஆய்வு’ (Dark Energy Survey) என்ற வான் கணக்கெடுப்பின் முதலாண்டுத் தரவில், கொத்துகளை வைத்துப் பிரபஞ்சத்தில் பொருளின் பங்கைக் கணக்கிட்டு 2020இல் வெளியிட்டார்கள்: சுமார் 0.18. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் தந்தது 0.315. சின்னக் கொத்துகளின் எடைதான் தப்பாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழுவே சந்தேகப்பட்டது. நானும் திருத்தம் போடுகிறேன். ஆனால் பாஸ்கர், விடை 0.3 பக்கம் வந்தால் கோப்பை மூடிவிட்டுத் தூங்கப் போகிறேன். வராத நாளில் மட்டும் விடியவிடியப் பிழை தேடுகிறேன். கொத்தைப் பொறுக்குவது போலவே விடையையும் பொறுக்குகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் ஓர் உபகாரம். இத்துடன் வரும் சின்ன நிரலை ஓட்டு, ஓர் எண் கேட்கும், எதையாவது போடு. என் விடைகளை அது அந்த அளவுக்கு நகர்த்தி வைத்துவிடும், 0.3 பக்கம் வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. வேலை முடியும்வரை, நான் கெஞ்சினாலும், எண்ணைச் சொல்லாதே. தாடியிடமும் கூடாது. ஏழு மட்டும் வேண்டாம், நீ எப்போதும் ஏழுதான் போடுவாய்.

உன்,
சேகர்