அரை மணி நேரத்தில் அடங்காத கலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகள் கோயில்களையும் கடற்கரைகளையும் விரிவாகச் சொல்கின்றன. அந்தந்த ஊரின் இசையும் ஆட்டமும் கைத்தொழிலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், சுற்றுலா ஏற்பாட்டாளர் இரவு உணவுக்கிடையே அரை மணி நேர நடனம் ஒன்றைக் காட்டிவிட்டு எங்களை நேரே கடைக்கு அழைத்துச் சென்றார். மறுநாள் நானாகவே மெழுகால் கோலமிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் ஒரு பாத்திக் பட்டறையைத் தேடிச் சென்று காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மெல்லிய மூக்கு வைத்த சிறு செம்புக் கருவியால் (அதற்குச் சாந்திங் என்று பெயர்) உருகிய மெழுகை மொண்டு, ஒரு பெண்மணி துணியில் நடுக்கமின்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்பதே அதன் சூட்சுமம். என் கையில் கொடுத்தபோது முதல் சொட்டே தவறான இடத்தில் விழுந்தது. கையால் வரைந்த துணியில் இருபுறமும் கோலம் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் இருக்கும், அச்சடித்ததில் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். முந்தைய நாள் கடைக்காரர் இதைச் சொல்லாததில் வியப்பில்லை.

யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் 2009இல் பாத்திக்கையும் 2021இல் கமெலான் என்னும் அந்நாட்டு உலோகத் தாளக்கருவிக் குழுவின் இசையையும் சேர்த்தது. ஒரு கமெலான் தொகுதியின் சுருதி மற்றொன்றோடு அப்படியே பொருந்தாது என்பதும், அக்கருவிகளைக் காலால் தாண்டிச் செல்வது அவமதிப்பாகக் கருதப்படும் என்பதும் பயணிகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பட்டறைகளையும் ஒத்திகைகளையும் எவ்வாறு அணுகுவது, கைவினைஞரிடம் நேரே எப்படி வாங்குவது என்பவற்றையும் தங்கள் கட்டுரையாளர்கள் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்