என் தந்தையாரின் காலைக் காத்தவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளாகக் குழித்தறியில் மிதி மிதித்து வாழ்பவர் என் தந்தையார். வலது உள்ளங்காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் தொடங்கியபோது, முதுகெலும்பு வட்டு விலகியதுதான் காரணம் என்று கருதி, 2 ஆண்டுகள் இடுப்புக்கே வைத்தியம் பார்த்தோம்.

முதல் நன்றி, அவரைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலின் பின்குழியைத் தடவிப் பார்த்த இளம் மருத்துவருக்கு. அங்கே நெல்லிக்காய் அளவிலிருந்த கட்டி பக்கவாட்டில் அசைந்தது. மேலும் கீழும் அசையவில்லை. விரலால் தட்டியதும் பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் அப்பா துடித்தார். இவை நரம்பிலிருந்து எழும் கட்டிக்குரிய அறிகுறிகள் என உணர்ந்து, கொழுப்புக்கட்டியென்று கீறிவிடாமல், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாரே, அந்த நிதானத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

நரம்பு அறுவை மருத்துவர் அய்யா, புற்றுநோயோ என்று அஞ்சியிருந்த எங்களுக்கு நீங்கள் தாளில் படம் வரைந்து விளக்கினீர்கள். நரம்பிழைகளுக்கு உறையாக அமையும் ஷ்வான் செல்களில் உருவாகும் ஷ்வானோமா என்னும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது என்றும், அது இழைகளை ஒதுக்கிக்கொண்டு வளர்வதால் உறையைப் பிரித்து வெளியே எடுத்துவிடலாம் என்றும், நியூரோஃபைப்ரோமா என்னும் இன்னொரு வகை நரம்புக் கட்டியிலோ இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடுருவிச் செல்வதால் பிரிப்பது கடினம் என்றும் சொன்னீர்கள். “பாவு நூலை ஒதுக்கிய முடிச்சா, பாவோடு பின்னிய முடிச்சா என்பதுதானே அய்யா?” என்று அப்பா கேட்டதும், நீங்கள் மகிழ்ந்து தலையசைத்ததை மறக்க மாட்டேன். அன்றுதான் அவர் நன்றாக உறங்கினார்.

நுண்ணோக்கியின் வழியே பார்த்து, சிறு மின்தூண்டலால் பாதத்தை அசைக்கும் இழைகளைக் கண்டறிந்து, அவை இல்லாத இடத்தில் மட்டும் உறையைத் திறந்து கட்டியை முழுதாக எடுத்தீர்கள். திசுப் பரிசோதனையும் அது ஷ்வானோமாவே என்று உறுதி செய்தது.

இரவெல்லாம் காலைத் தலையணைமேல் உயர்த்திவைத்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கெண்டைக்காலுக்கு நாள்தோறும் பயிற்சியளித்த இயன்முறை மருத்துவருக்கும் நன்றி. குதிகாலில் மரப்பு இன்னும் சற்று இருக்கிறது. நரம்பு மெல்லத்தான் தேறும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அப்பா கலங்கவில்லை.

பாதியில் நின்ற எங்கள் சேலையைத் தம் வேலைக்கு நடுவே நெய்துமுடித்து, கூலியை அப்படியே அம்மாவிடம் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு என் வணக்கம். அடுத்த பாவு ஏறிவிட்டது. அப்பா மீண்டும் மிதிக்கிறார்.