செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: 1972 இன் ஹொக்கிப் பருவத்தோடு கழிந்த ஓராண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இயங்கும் நமது வரலாற்று வாசிப்பு வட்டத்தின் ஓராண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். புரட்டாதி தொடக்கம் ஆனி வரை ஒன்பது மாதாந்தக் கூட்டங்களும் ஒரு பயணமும் நடைபெற்றன. மாசிக் கூட்டம் பனிப்பொழிவால் கைவிடப்பட்டது. செயற்குழு நான்கு தடவை கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

நாம் குடியேறிய இந்தக் கனடா நாட்டின் வரலாற்றில் ஒரு விடயத்தை எடுத்து ஆண்டு முழுவதும் படிப்பது நமது வழமை. இம்முறை பனித்தளத்தில் ஆடும் ஹொக்கி என்றதும் ஆட்சேபனை எழுந்தது. "விடியக் காலமை ஐந்து மணிக்குப் பேரனை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போறது காணாதே? இங்கேயும் அதைத்தான் கதைக்க வேணுமே?" என்று ஓர் அக்கா கேட்டார். ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஆடுகிறவரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம் என்று அவருக்குச் சொன்னோம். ஆண்டு முடிவில் ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர்களில் அவரும் ஒருவர்.

நாம் எடுத்துக்கொண்டது 1972–73 பருவம். அதுவரை வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை ஹொக்கி முழுவதும் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹொக்கி லீக்கின் கையில் இருந்தது. அதன் ஒப்பந்தத்தில் ஒரு விதி: காலம் முடிந்தாலும் அந்த வீரர் அந்தக் கழகத்துக்கே உரியவர். கழகம் விரும்பினால் விற்கலாம், மாற்றலாம், வைத்திருக்கலாம். வீரர் விலகி வேறு கழகத்தோடு பேரம் பேச முடியாது. கரி டேவிட்சன், டெனிஸ் மேர்பி என்ற இரண்டு கலிபோர்னியாக்காரர்கள் 1971 இல் டபிள்யூ.எச்.ஏ. எனப்படும் உலக ஹொக்கிச் சங்கத்தை ஆரம்பித்தபோது இந்த விதியை ஏற்கவில்லை. எட்மன்டனைச் சேர்ந்த பில் ஹன்ரர் அவர்களோடு சேர்ந்தார். பன்னிரண்டு கழகங்களோடு 1972 ஒக்ரோபர் 11 அன்று புதிய லீக் களமிறங்கியது. ஒட்டாவாவில் நடந்த ஆட்டத்தில் அல்பேர்ட்டா ஒயிலேர்ஸ் 7–4 என்று வென்றது.

இந்த விதியைப் பற்றிப் பேசிய ஐப்பசிக் கூட்டத்தில்தான் வட்டம் உண்மையில் விழித்துக்கொண்டது. தொண்ணூறுகளில் ஏஜென்சி மூலம் தொழிற்சாலை வேலைக்குப் போன ஓர் அண்ணன் எழுந்தார். மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்று வேலை செய்திருக்கிறார். அவரை நேரடியாக எடுத்துக்கொள்ள மேற்பார்வையாளர் விரும்பினார். ஆனால் ஏஜென்சியோடு செய்திருந்த ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "என்னை வேண்டாம் எண்டு சொல்ல அவைக்கு ஒரு நாள் காணும். நான் போறன் எண்டு சொல்ல எனக்கு வழியில்லை" என்றார். அன்று வாசிக்கவிருந்த கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, கூட்டம் முடியும் வரை இப்படியான அனுபவங்களையே கேட்டோம்.

பொபி ஹல் பற்றிய கார்த்திகைக் கூட்டத்துக்கு வந்தவர்களே இந்த ஆண்டில் அதிகம். சிக்காகோ பிளாக் ஹோக்ஸுக்காக 604 கோல்கள் போட்டவர் ஹல். வின்னிபெக் ஜெற்ஸ் உரிமையாளர் பென் ஹற்ஸ்கின் அவரை அழைத்தபோது ஹல் பத்து லட்சம் டொலர் கேட்டார். ஒரு கழகத்தால் சுமக்க முடியாத தொகை. மற்றக் கழகங்களும் சேர்ந்து அந்தப் பணத்தைப் போட்டன. நமக்கு இதைப் புரிய வைக்க விரிவுரை தேவைப்படவில்லை. எல்லோரும் சீட்டுக் கட்ட, முதற்கழிவை வின்னிபெக் எடுத்தது. ஹல் வந்தால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள், லீக்கே நிமிரும் என்பதுதான் கணக்கு. அப்படியே நடந்தது.

1972 ஜூன் 27 அன்று காலை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சென் போலில் கையெழுத்திட்ட ஹல், அதே நாள் வின்னிபெக்கின் போர்ட்டேஜ், மெயின் வீதிகள் சந்திக்கும் மூலையில் ஆளுயரக் காசோலையோடு மக்கள் முன் நின்றார். அந்த மூலையில் நின்ற ஒருவர் நம்மிடையே இருந்தார். வின்னிபெக்கில் அப்போது மாணவராயிருந்த நமது மூத்த அங்கத்தவர், யாழ்ப்பாணத்துக்கு நீலநிற விமானக் கடிதம் ஒன்றைத் தபாலில் போட வந்தாராம். வீதியைக் கடக்க முடியவில்லை. பஸ்களும் நின்றுவிட்டன. பக்கத்தில் நின்ற பெடியனிடம் யார் வருகிறார், ராணியா என்று கேட்டிருக்கிறார். "இல்லை, ராணியைவிடப் பெரிய ஆள்" என்று பதில் வந்ததாம். ஒட்டுவதற்கு முன் கடிதத்தின் ஓரத்தில் இடம் கண்டுபிடித்து, 'இன்று இங்கே ஒரு விளையாட்டு வீரனுக்குப் பத்து லட்சம் டொலர் கொடுத்தார்கள்' என்று எழுதினாராம். தாயாரின் பெட்டிக்குள் இருந்து பின்னர் திரும்பக் கிடைத்த அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மடிப்புகள் கிழிந்திருந்தன. ஓரத்து வரி மட்டும் தெளிவாக வாசிக்க முடிந்தது. பங்குனியில் அவர் காலமானார். அவருடைய குடும்பத்தினருக்கு வட்டத்தின் ஆழ்ந்த அனுதாபங்களை இங்கே பதிவு செய்கிறேன்.

கையெழுத்திட்டதற்கு ஹல் கொடுத்த விலையையும் படித்தோம். அந்தப் புரட்டாதியில் சோவியத் யூனியனோடு நடந்த எட்டு ஆட்டத் தொடரில் கனடா அணியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பிரதமர் பியர் ட்ரூடோ கேட்டும் பலிக்கவில்லை. புதிய லீக்குக்குப் போனவர்கள் என்பதற்காகக் கோல் காப்பாளர் ஜெரி சீவேர்ஸ் போன்றவர்களும் வெளியே நின்றார்கள். நாட்டின் அணி என்று பெயர், ஆனால் தெரிவு ஒரு லீக்கின் கையில். இது அநியாயம் என்பதே எனது கருத்து.

பருவம் தொடங்கிய பின்னரும் நீதிமன்றத் தடையால் ஹல்லால் இறங்க முடியவில்லை. நவம்பர் 8 அன்று பிலடெல்பியாவில் நீதிபதி லியோன் ஹிகின்பொதம் தீர்ப்பளித்தார்: அந்த விதியைக் காட்டி வீரர்களைத் தடுக்க என்.எச்.எல்லுக்கு இடமில்லை. கறுப்பினத்தவர்கள் மிகச் சிலரே நீதிபதிகளாயிருந்த காலத்தில் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்த கறுப்பின நீதிபதி அவர். இந்தப் பருவத்தின் நாயகன் யார் என்று ஆண்டு முடிவில் கேட்டபோது பெரும்பாலானோர் ஹல் என்றார்கள். நான் ஹிகின்பொதம் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன். முதல் 15 ஆட்டங்களை இழந்த ஹல், மீதி 63 ஆட்டங்களில் 51 கோல்கள் போட்டார். ஒரு மனிதனின் கையைக் கட்டி வைத்திருந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

புதிய லீக்கின் தடுமாற்றங்களையும் மறைக்காமல் படித்தோம். ஒக்ரோபர் 13 அன்று பிலடெல்பியா பிளேசர்ஸ் தன் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக ஆளுக்கொரு பக் (ஆட்டத்தில் அடிக்கும் றப்பர் வில்லை) கொடுத்தது. பனித்தளம் சரியாக உறையவில்லை. அதைச் சீர்செய்ய வந்த சம்போனி வண்டியின் பாரத்தில் பனி பிளந்தது. ஆட்டம் இல்லை என்று அறிவிக்க அந்தக் கழகத்தின் நட்சத்திர வீரர் டெரெக் சாண்டர்சன் களத்துக்கு வந்தபோது, கொடுத்த பக்குகளெல்லாம் அவரை நோக்கிப் பறந்தன. இருபத்தாறு லட்சம் டொலருக்கு மேல் பேசிக் கொண்டுவரப்பட்ட சாண்டர்சன் எட்டு ஆட்டங்கள்தான் ஆடினார். பத்து லட்சத்தைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தார்கள், அவர் தன் பழைய பொஸ்ரன் கழகத்துக்கே திரும்பினார். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் அமைப்பு அடிப்படை வேலையைக் கவனிக்காவிட்டால் என்னாகும் என்று தலைவர் அன்று பேசியதை அங்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய லீக்கும் சும்மா இருக்கவில்லை. நியூயோர்க்கின் நாசோ அரங்கு புதியவர்களின் கைக்குப் போகாமல் தடுக்க ஐலண்டர்ஸ் கழகத்தையும், அற்லாண்டாவில் இன்னொன்றையும் அவசரமாக உருவாக்கியது. ஐலண்டர்ஸ் அந்தப் பருவம் 78 ஆட்டங்களில் 12 இல் மட்டுமே வென்றது.

நமது ரொறன்ரோவின் கதைதான் எங்களை அதிகம் தைத்தது. மேபிள் லீஃப்ஸ் உரிமையாளர் ஹரோல்ட் பலார்ட் புதிய லீக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. ஒரே கோடையில் பேர்னி பரன்ட், ரிக் லே, பிராட் செல்வூட், ஜிம் ஹரிசன், கீ ட்ரொட்டியே ஆகிய ஐவரும் புதிய லீக்குக்குப் போனார்கள். 27 ஆட்டங்களில் மட்டும் வென்ற லீஃப்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குப் போகவே இல்லை. பரன்ட் பின்னர் பிலடெல்பியா ஃபிளையேர்ஸுக்குப் போய் 1974, 1975 இரண்டிலும் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் வென்றார். அல்பேர்ட்டாவுக்குப் போன ஹரிசன் 1973 ஜனவரி 30 அன்று ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்களும், மற்றவர்களின் கோலுக்கு வழிசெய்த ஏழு உதவிகளுமாகப் பத்துப் புள்ளிகள் எடுத்தார். மூன்று வருடம் கழித்து டரில் சிற்லர் லீஃப்ஸ் சட்டையோடு பத்துப் புள்ளி எடுத்ததை இந்த நகரத்தில் பிள்ளைகளும் சொல்வார்கள். ஹரிசனின் பெயரை நமது கூட்டத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

சித்திரையில் நாம் போன பயணம் கார்ல்டன் வீதிக்கு. கொலிஜ் நிலையத்தில் இறங்கி பதினான்கு பேர் நடந்தோம். 1931 இல் திறந்த மேபிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளம் இன்று பலசரக்குக் கடை. பழைய இருக்கைகளால் செய்த நீலநிற மேபிள் இலை சுவரில் நிற்கிறது. கடைக்குள், ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தைக் காட்டத் தரையில் ஒரு சிவப்பு வட்டம். அதன்மேல் ஒரு பெண் தள்ளுவண்டியை நிறுத்தி விலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகரும் வரை காத்திருந்து ஒருவர் பின் ஒருவராக அதில் ஏறி நின்றோம். மேற்குறிப்பிட்ட அக்கா தன் பேரனையும் கூட்டி வந்திருந்தார். குனிந்து அந்த வட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

பருவ முடிவில் மொன்றியல் கனேடியன்ஸ், ஹல் இல்லாத சிக்காகோவை 4–2 என்று வென்று ஸ்ரான்லி கிண்ணத்தை எடுத்தது. மறுபக்கம், புதிய லீக்கின் இறுதித் தொடரில் நியூ இங்கிலண்ட் வேலேர்ஸ், ஹல்லின் வின்னிபெக்கை 4–1 என்று தோற்கடித்தது. ஏழு பருவங்கள் நின்ற புதிய லீக் 1979 இல் மூடப்பட, எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நான்கும் என்.எச்.எல்லில் சேர்ந்தன.

பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது, இன்றைய நுழைவுச்சீட்டு விலைக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று ஒரு பகுதியினர் வைகாசியில் வாதிட்டார்கள். நியாயமான கவலை. ஆனாலும் அந்தப் பணம் அதற்கு முன்னரும் அரங்குகளில் வந்துகொண்டுதான் இருந்தது. பனியில் விழுந்தெழுந்தவனின் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் வட்டம் ஒருமனப்படவில்லை, அதையும் அப்படியே பதிவு செய்கிறேன்.

மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், ஒவ்வொரு மாதமும் தேநீரும் வடையும் செய்து தந்த சகோதரிகளுக்கும், வாகனம் இல்லாதவர்களை ஏற்றி இறக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு, ஒட்டாவா கழகம் இங்கே இடம்மாறி ரொறோஸ் என்ற பெயரில் ஆடிய 1973–1976 காலத்தைப் படிக்கச் செயற்குழு முன்மொழிகிறது. 1974 இலிருந்து அதே கார்டன்ஸில் பலார்டுக்கே வாடகை கட்டி ஆடிய கழகம் அது. அக்காலப் படமோ நுழைவுச்சீட்டோ யாரிடமும் இருந்தால், அல்லது அண்டை வீட்டு முதியவர் யாராவது அந்த ஆட்டங்களைப் பார்த்திருந்தால், முதற்கூட்டத்துக்கு முன் எனக்கு அறியத் தரவும்.

நன்றி.
செயலாளர்